மறு: ‘இயர்மார்க்ட் ஸ்டாக்’ (earmarked stock) – தமிழில் எப்படிச் சொல்வது?

> ஆசியான் அரிசி ஏற்பாட்டில் வரும் இச்சொல்லுக்கு ‘ஒதுக்கிய கையிருப்பு’ போதுமே?

வணக்கம் ஐயா. ‘ஒதுக்கிய’ என்றால் மூட்டைகள் தனியே அடுக்கப்பட்டிருப்பதாகப் படிப்பவர் நினைப்பார். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் சீனா, ஜப்பான், தென்கொரியா சேர்ந்து, நெருக்கடியில் அரிசி தந்து உதவச் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டில் கணக்கு 787,000 டன். ஆசியானின் பங்கு 87,000, அதில் சிங்கப்பூருடையது 5,000. இந்த அரிசி எந்தப் பொதுக் கிடங்கிலும் இல்லை. ஒவ்வோர் அரசும் தன் இருப்பிலிருந்து, கேட்டால் தருவதாக ஒப்பிய அளவு மட்டுமே. எனவே ‘வாக்கிருப்பு’ என்கிறேன்.

> நம் சிங்கப்பூர் இறக்குமதியாளர்கள் வைத்திருப்பதும் அதுதானே?

இல்லை, அது கண்ணால் பார்க்கக்கூடிய சரக்கு. வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் ஆகியவற்றை இறக்குவோர் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கை அரசு குறித்த கிடங்கில் வைத்தாக வேண்டும். அரிசி வணிகருடையது, நெருக்கடியில் அரசு ஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ‘கட்டாய இருப்பு’ பொருந்தும். ‘சேமிப்பு’ மட்டும் வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரிசியின் ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு பெருகும். பழையது வெளியே போய்ப் புதியது வந்துகொண்டே இருக்க வேண்டிய சரக்கு அது.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 விழுக்காடு வரி போட்டது. அதே மாத இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுமதித்தது தனி இசைவு. அது வாக்கிருப்பு, கட்டாய இருப்பு இரண்டிலும் சேராது. இப்படிப்பட்ட நேரத்தில் ‘கையிருப்பு உண்டு’ என்று மொட்டையாக எழுதினால் மக்கள் எதை நம்புவது? கட்டாய இருப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாக்கிருப்புக்கோ கோரிக்கை, விலைப் பேச்சு, கப்பல் எல்லாம் வேண்டும்.

---

> எனவே ‘வாக்கிருப்பு’ என்கிறேன்.

நான் எழுதிய இச்சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். தேர்தல் வாக்கு என்று குழம்புவார்களோ என முதலில் தயங்கினேன். ஆனால் ‘உறுதியிருப்பு’ இன்னும் மோசம், கட்டாயம் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தைத் தரும். சாமிக்கு நேர்ந்துவிட்ட கடா மந்தையோடுதானே மேய்கிறது! அந்தப் பொருள்தான் வேண்டும். ‘நேர்ந்த இருப்பு’ என்றால் இன்று எல்லோருக்கும் விளங்காது, ‘வாக்கிருப்பு’ விளங்கும்.

ஒன்று விட்டுப்போனது. அதே ஏற்பாட்டில், நன்கொடை அரிசியைப் பேரிடருக்கு முன்பே தேவைப்படும் நாட்டில் கொண்டுபோய் வைப்பதும் உண்டு. ஐயா சொன்ன ‘ஒதுக்கிய கையிருப்பு’ அதற்குச் சரியாகப் பொருந்தும். சொற்பட்டியலில் மூன்றையும் தனித்தனியே சேர்த்துவிடலாமா?