சாலையில் ஓடும் மழைநீரைக் கசிவுக்குழியில் விடலாமா?

குளக்கரை (கேள்வி):
எங்கள் குடியிருப்பில் கூரைத் தண்ணீர் ஏற்கெனவே கசிவுக்குழியில் இறங்குகிறது. இப்போது உள்சாலை, வண்டி நிறுத்துமிடம் இரண்டிலும் ஓடுகிற தண்ணீரையும் அதே குழிக்குத் திருப்பிவிடலாம், வீணாகப் போவானேன் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மழை பிடித்ததும் வருகிற தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் பளபளத்து வருகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. தெளிந்த பிறகு உள்ளே விட்டால் பரவாயில்லையா? பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருக்கிறது.

மணல்மேடு:
முதலில் வருகிற அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கண்டிப்பாக உள்ளே விடாதீர்கள். மழை இல்லாத நாட்களில் தரையில் சேர்ந்த புகைக்கரி, டயர்த் தூள், பிரேக் தூள், ஒழுகிய இன்ஜின் ஆயில் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் வரும். ஈயமும், ஆயிலிலும் புகையிலும் இருக்கிற பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் பெரும்பாலும் நுண்ணிய வண்டலோடு ஒட்டிக்கொண்டுதான் நகரும். அதனால் வண்டல் படிய ஒரு தொட்டி, அடுத்து சரளை, மணல் என்று வைத்தால் போதும்.

வேர்மண்:
போதாது. மணல் பிடிப்பது தூளைத்தான், கரைந்து வருவதைப் பெரிதாகப் பிடிக்காது. செம்பு, துத்தநாகம், களைக்கொல்லி இவற்றில் ஒரு நல்ல பங்கு கரைந்தே வரும், கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். செம்பு பிரேக் கட்டையிலிருந்து வருகிறது. துத்தநாகம் டயரிலிருந்தும் துத்தநாகம் பூசிய தகரத்திலிருந்தும் வருகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கரைந்த செம்பு இருந்தாலே சால்மன் மீன் குஞ்சுகளின் மோப்ப சக்தி மங்கிவிடும், எதிரி பக்கத்தில் வருவது அதற்குத் தெரியாது.

இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முட்டையிட ஓடைக்குத் திரும்பும் கோஹோ சால்மன்கள் மழை பெய்ததும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றி நீந்திச் சில மணி நேரத்தில் செத்தன, பல வருஷமாக யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஆய்வாளர்கள் அதை வெளியிட்டது 2020 டிசம்பரில்தான். டயர் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது, கொன்றது அதுதான். லிட்டருக்குச் சுமார் 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே பாதி மீன் செத்துவிடும். சம் சால்மன் என்கிற இன்னொரு வகைக்கோ அதே தண்ணீரில் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை! ஒரு வகை மீன் பிழைத்ததை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லவே முடியாது.

ஆறுதலான சேதியும் உண்டு. அதே சாலைத் தண்ணீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்தபோது கோஹோ மீன்கள் பிழைத்தன. மட்கிலும் களிமண்ணிலும் இந்த உலோகங்களும் கரிமப் பொருட்களும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் சாலைத் தண்ணீருக்குச் செடி வைத்த ஒரு பள்ளம் வெட்டுங்கள். உரத்தை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், புதிதில் அதிலிருந்தே பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கசியும்.

சுண்ணாம்பு:
கூரைத் தண்ணீர் சுத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். துத்தநாகத் தகடு போட்ட கூரையா என்று பாருங்கள். வெளிச்சுவருக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடித்திருந்தால் டெர்பியூட்ரின், டையூரான் போன்ற பாசிக்கொல்லிகள் மழையில் கரைந்து இறங்கும், பெயின்ட் புதிதாக இருக்கும்போது அதிகம். சுவரோரத் தண்ணீரையும் குழிக்கு விடாதீர்கள்.

குளக்கரை:
நன்றி. செடிப்பள்ளம் வைத்துவிட்டால் அப்புறம் குழிக்கு விடலாம்தானே?

வேர்மண்:
குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருக்கும்போது நான் விடமாட்டேன். கசிவுக்குழி மேல்மண்ணைத் தாண்டி நேரே ஆழத்துக்கு இறக்குகிறது, தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலையே மேல்மண்ணில்தான் நடக்கிறது. குழிக்குக் கூரைத் தண்ணீர் மட்டும் போகட்டும். சாலைத் தண்ணீர் கிணற்றிலிருந்து தள்ளி, செடிப்பள்ளத்தில் பரவலாக ஊறட்டும். மேலே படிகிற வண்டலை அவ்வப்போது சுரண்டி எடுங்கள், அதைத் தோட்டத்தில் போடாதீர்கள், உலோகமெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இன்னொரு பக்கம், அழுக்கை அது வருகிற இடத்திலேயே தடுப்பதுதான் பெரிய பலன். 2010-ல் வாஷிங்டனும் கலிபோர்னியாவும் பிரேக் கட்டையில் செம்பை 2025-க்குள் 0.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சட்டம் போட்டன. உங்களால் முடிந்தது, ஆயில் ஒழுகுகிற வண்டிகளைச் சரிசெய்ய வைப்பது, வாசலில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துவது, மழைக்கு முன்னால் நிறுத்துமிடத்தைக் கூட்டி அள்ளுவது. கழுவி வடிகாலில் தள்ளினால் கூட்டினதற்கே பயனில்லை.