கவுன்சில், கவுன்சல், கவுன்சலர்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்த மூன்றாவது மாதம். பெண் இயர் செவனில் சேர்ந்திருந்தாள். ஒரு புதன்கிழமை மாலை பள்ளியிலிருந்து மெயில்: உங்கள் மகள் ஸ்கூல் கவுன்சலரைச் சந்தித்துப் பேசினால் நல்லது என்று நினைக்கிறோம், சம்மதமா? சமையலறையில் நின்றபடி அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். ரசம் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் மனைவி கேட்டாள், "வார்டு கவுன்சிலர் எதுக்குங்க நம்ம பொண்ணைப் பார்க்கணும்?" எனக்கு வேறு சந்தேகம். "கவுன்சலிங்னா சீட்டு விஷயமா இருக்கும். இந்த ஊர்ல பதினொரு வயசுலயே ஆரம்பிச்சுடறாங்க போல." வாட்ஸப் காலில் இருந்த மாமனார் இன்னும் ஒரு படி மேலே போய், "கட் ஆஃப் எவ்வளவாம்?" என்றார்.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் இந்தச் சொற்களுக்கு அர்த்தம் அப்படித்தான் ஊறிக் கிடக்கிறது. கவுன்சிலர் என்றால் தெருவிளக்கு எரியாவிட்டால் தேடிப் போகிற ஆள். கவுன்சலிங் என்றால் பொறியியல் கலந்தாய்வு. கிண்டிக்குப் போய் பெரிய திரையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த தலைமுறை என்னுடையது. 2018 முதல் அது ஆன்லைனுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. ஆக, இங்கே வந்து இறங்கும்போது சொல் நம் கையில் இருக்கிறது, பொருள்தான் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒலி. நடுவில் சி வரும் கவுன்சிலும், நடுவில் எஸ் வரும் கவுன்சலும் இங்குள்ளவர்கள் வாயில் ஒன்றேதான்: 'கவுன்ஸ்ல்'. காதால் பிரிக்கவே முடியாது, சொல்லப்படும் இடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். லத்தீனில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று கூட்டம், மற்றது ஆலோசனை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒன்றோடொன்று குழம்பின. அவர்களே நூற்றாண்டுக் கணக்கில் குழம்பியிருக்கிறார்கள், நாம் மூன்றே மாதத்தில் குழம்பினால் என்ன? எழுதும்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது: சி வந்தால் சிட்டி. எஸ் வந்தால் 'சொல்', அதாவது யோசனை சொல்.

இனி சி போட்ட கவுன்சில். நம் மாநகராட்சி, நகராட்சி மாதிரிதான். குப்பை, நூலகம், பள்ளி அட்மிஷன், பார்க்கிங் எல்லாம் இவர்கள் கையில். பணம் போகும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்குக் குடிவந்த இரண்டாவது வாரம் 'குடியிருப்பவர்' என்று மட்டும் பெயர் போட்டு ஒரு கடிதம் வந்தது. பிறகு என் பெயரிலேயே ஒரு பில். வீட்டு வரி என்றால் வீட்டுக்காரர்தானே கட்டுவார் என்று இரண்டையும் ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அடுத்து வந்தது நினைவூட்டல், ஏழு நாள் கெடு. அப்போதுதான் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் காட்டினேன். "தம்பி, இது நீங்கள்தான் கட்ட வேணும். விட்டால் முழு வருசக் காசையும் ஒண்டாக் கேப்பாங்கள், பிறகு கோர்ட்டில இருந்து கடிதம் வரும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. இங்கே கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான். ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக வாடகைக்கு விடும் பகிர்வு வீடுகளில் மட்டும் அது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 'பில்ஸ் இன்க்ளூடட்' என்பதில் கவுன்சில் டாக்ஸும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் வீடுகளை மதிப்புக்கு ஏற்ப ஏ முதல் எச் வரை எட்டு பேண்டாக, அதாவது படிநிலையாக, பிரித்திருக்கிறார்கள். அளவுகோல் 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது. போன வருடம் கட்டிய ஃபிளாட்டுக்கும் 1991 விலையைக் கற்பனை செய்துதான் பேண்டு போடுவார்கள்! எச் பேண்டு வீட்டுக்கு டி பேண்டைப் போல இரண்டு மடங்கு வரி. போஸ்ட்கோடு தெரிந்தால் அரசாங்க வலைத்தளத்திலேயே பேண்டு பார்த்துவிடலாம். வாடகை பேசும் முன்பே பாருங்கள். வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. கேட்டால் பன்னிரண்டாக்கித் தருவார்கள், நான் அப்படித்தான் கட்டுகிறேன். ஸ்காட்லாந்தில் குடிநீர், கழிவுநீர்க் கட்டணமும் இதே பில்லில் சேர்ந்து வரும். வட அயர்லாந்தில் இந்த வரியே கிடையாது, அங்கே 'ரேட்ஸ்' என்று வேறு முறை.

வீட்டில் வயதுவந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. நிறையப் பேர் இதைக் கேட்கவே பயப்படுகிறார்கள். விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (பொது நிதியிலிருந்து அரசு உதவி பெறக் கூடாது) என்று இருக்கிறதே, வம்பாகிவிடுமோ என்று. ஆகாது. இந்தத் தள்ளுபடி பொது நிதியில் சேராது. வருமானம் குறைவு என்று விண்ணப்பித்து வாங்கும் 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' சேரும், அதைத் தொடாதீர்கள். இரண்டும் பெயரளவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் தொல்லை. வீட்டில் இருக்கும் அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை, ஆனால் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். பிஎச்டிக்கு மனைவியையோ கணவரையோ அழைத்து வந்தவர்கள் கவனியுங்கள்: அவருடைய விசாவிலும் பொது நிதிக் கட்டுப்பாடு இருந்தால் அவரும் கணக்கில் சேரமாட்டார். கவுன்சிலில் போனை எடுப்பவருக்கே சில சமயம் இது தெரியாது. எழுதிக் கேளுங்கள்.

போன் என்றதும் ஒன்று. தானியங்கிக் குரலிடம் நான் நம் பாணியில் "கவுன்சில் டாக்ஸ்" என்று அழுத்திச் சொல்ல, அது "கேன்சல் செய்ய விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. 'சி'யை விழுங்கி 'கவுன்ஸ்ல்' என்றதும் புரிந்துகொண்டது. ஆமாம், வெட்கமாகத்தான் இருந்தது.

எஸ் போட்ட கவுன்சல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, யோசனை. மற்றது, கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டர். கடிதங்களில் அந்தப் பாரிஸ்டரை வெறுமனே கவுன்சல் என்றே எழுதுவார்கள், முன்னால் ஆர்ட்டிகிள்கூட இருக்காது. மூத்த பாரிஸ்டர்கள் பெயருக்குப் பின்னால் கே.சி. என்று இருக்கும், கிங்ஸ் கவுன்சல்; 2022 செப்டம்பர் 8 அன்று ராணி இறக்கும் வரை அது க்யூ.சி. விசாவுக்கோ வீடு வாங்கவோ சாதாரணமாக உங்களுக்கு இவர் தேவைப்படமாட்டார். ஆபீஸில் ஒரு பெரியவரிடம் புது மேனேஜரைப் பற்றிக் கேட்டபோது, "ஐ கீப் மை ஓன் கவுன்சல்" என்றார். மனுஷன் சொந்த வக்கீல் வைத்திருக்கிறார், விஷயம் முற்றிவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் அவரிடம் பயந்து பயந்து பேசினேன். 'என் கருத்தை என் மனசோடு வைத்துக்கொள்வேன்' என்பதுதான் அதற்குப் பொருள்.

இப்போது அந்த மெயிலுக்கு வருகிறேன். எஸ் போட்ட கவுன்சலர் என்றால் மனசு விட்டுப் பேசுவதைக் கேட்கப் பயிற்சி பெற்றவர். மகள் மதிய உணவு வேளையில் தனியாகவே உட்கார்ந்திருந்ததை அவள் டீச்சர் கவனித்திருக்கிறார். எங்களிடம் "ஸ்கூல் சூப்பர்ப்பா" என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடத் தயங்கினோம், மறைக்கவில்லை. பைத்தியம் என்று பதிவாகிவிடுமோ, ரிப்போர்ட்டில் வருமோ என்றெல்லாம் ஓடியது. அப்படி எதுவும் இல்லை. அங்கே பேசுவதை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வார்கள். ஆறு வாரம் போனாள். என்ன பேசினாள் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. நான்காவது வாரம் ஒரு தோழியை வீட்டுக்குக் கூட்டி வந்து, "அம்மா, இவளுக்குக் காரம் ஆகாது" என்றாள்.

பெரியவர்களுக்கும் உண்டு. இங்கிலாந்தில் என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவத் துறையின் 'டாக்கிங் தெரபிஸ்' சேவைக்கு டாக்டர் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம், இலவசம். தனியாகக் காசு கொடுத்துப் போவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கவுன்சலர் என்ற பட்டத்துக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பி.ஏ.சி.பி. (கவுன்சலர்களின் தொழில்முறைச் சங்கம்) போன்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: அங்கே ஸ்கூல் கவுன்சலர் பாடத் தேர்வு, கல்லூரி விண்ணப்பம் வரைக்கும் பார்ப்பார், ஆகவே என் மாமனார் கேள்வி அங்கே அவ்வளவு தப்பில்லை. கவுன்சலர் என்பதன் ஸ்பெல்லிங்கில் அங்கே எல் ஒன்றுதான் போடுவார்கள், இங்கே இரண்டு. கான்சுலேட் வேறு விஷயம். அதைக் 'கவுன்சிலேட்' என்று சொல்லாதீர்கள். லண்டனில் இருப்பது இந்திய ஹை கமிஷன், காமன்வெல்த் நாடுகளுக்குள் எம்பசி என்று வைப்பதில்லை. பர்மிங்காம், எடின்பரோ போன்ற ஊர்களில் இருப்பவைதான் கான்சுலேட்.

கடைசியாக, சி போட்ட கவுன்சிலர். இவர் நம்ம ஊர் கவுன்சிலரேதான். இந்திய, இலங்கைக் குடிமக்களும் முறையான விசாவோடு இங்கே வசித்தால் இவருக்கு ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் உரிமை. இங்கிலாந்தில் 2023 முதல் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டே போதும். போன கோடையில் அம்மா வந்திருந்தபோது நூலக வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: சனிக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை 'கவுன்சிலர்ஸ் சர்ஜரி'. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அம்மா கேட்டாள், "பாவம், எங்கடா ஆபரேஷன்? லைப்ரரியிலயா பண்றாங்க?" மக்களைச் சந்தித்துக் குறை கேட்கும் நேரத்துக்கு இங்கே அதுதான் பெயர், குடும்ப டாக்டரின் கிளினிக்கும் சர்ஜரிதான் என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. சனிக்கிழமை என்னோடு வந்தாள். மூன்று வாரமாக எடுக்காத குப்பைத்தொட்டியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மா அவர் கையையும் காலையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கார்" என்றாள்.