இலண்டன் விசைக்கு "சிதறல்" வேண்டாம், "கணமுனைவுக் கவர்ச்சி" எண்டு வைப்பம்

அண்ணா, அணுக்களையும் மூலக்கூறுகளையும் ஒண்டோடொண்டு இழுக்கிற இலண்டன் விசைக்கு (ஆங்கிலத்தில London dispersion force) தமிழ்ப் பேரா நீங்க சொன்ன "சிதறல் விசை" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இஞ்ச திருகோணமலையில ஏ.எல். (உயர்தர) பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற ஆளா என்னால அதுக்கு ஓம் சொல்ல ஏலாது. போன தவணை ஒரு பிள்ளை ஏதோ நோட்ஸ்ல அந்தச் சொல்லப் பாத்திட்டு, "சிதறல் விசை கூட எண்டபடியா மூலக்கூறுகள் விலகும், அதால கொதிநிலை குறையும்" எண்டு எழுதிக்கொண்டு வந்தது. பிள்ளையில என்ன பிழை? இழுத்துப் பிடிக்கிற விசைக்கு சிதறல் எண்டு பேர் வச்சா ஆருக்கும் அப்பிடித்தான் விளங்கும்.

ஆங்கிலத்தில அந்தப் பேர் வந்த கதையே வேற. பிரிட்ஸ் லண்டன் (ஊர் இல்ல, ஆள். "சேர், இது இங்கிலாந்திலயா கண்டுபிடிச்சது" எண்டு ஒருத்தன் கட்டாயம் கேப்பான்) 1927ல வால்டர் ஹைட்லரோட சேந்து ஐதரசன் மூலக்கூற்றில பங்கீட்டு வலுப்பிணைப்பு எப்பிடி வருது எண்டு குவாண்டம் முறையில காட்டினவர். 1930ல அவர் முனைவே (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் மறை மின்னேற்றம்) இல்லாத ஈலியம், ஆகன் மாதிரி அணுக்கள் ஏன் ஒண்டையொண்டு இழுக்குது எண்டு கணக்குப் பாத்தா, கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில முறிக்கிறதுக்கு எழுதுற சமன்பாட்டில வாற அதே கணியங்கள் இதிலயும் வருது. அதால dispersion எண்ட ஒளிப் பாடத்துப் பேரை இதுக்கும் வச்சிட்டார். அது எங்கட பௌதிகவியலில நிறப்பிரிக்கை, சிதறல் இல்ல. சிதறல் (scattering) எண்டா வானம் ஏன் நீலம் எண்ட கதை. அப்ப நேரா மொழிபெயர்த்தா "நிறப்பிரிக்கை விசை" எண்டு வரும், அதைப் பிள்ளைக்குச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல.

அதால நடக்கிற சங்கதியப் பாத்துப் பேர் வைப்பம். ஒரு அணுவின்ர இலத்திரன் முகில் ஒரு கணம் ஒரு பக்கம் கூடுது, அந்தக் கணத்துக்கு அது ஒரு இருமுனைவு, பக்கத்தில உள்ள அணுவின்ர முகிலையும் அது சரிக்குது, ரெண்டும் இழுபடுது. அடுத்த கணம் முகில் வேற பக்கம், ஆனா பக்கத்து முகிலும் சேந்தே மாறுறபடியா இழுவை மிஞ்சுது. தூரத்தோட கெதியாக் குறையிற விசை இது, இடைத்தூரம் ரெண்டு மடங்காகினா சக்தி 64ல ஒண்டாகிடும். நான் சொல்லுறது "கணமுனைவுக் கவர்ச்சி".

இதே விசைக்கு அக்கா முதல் எழுதின "ஒத்தசைவு ஈர்ப்பு" உண்மையில என்ர சொல்லை விடத் திருத்தம், ரெண்டு முகிலும் சேந்து அசையிறதுதானே உயிர்நாடி. ஆனா தமிழ்நாட்டில "ஒத்திசைவு", "ஒத்ததிர்வு" எல்லாம் ஏற்கெனவே வேற வேலைக்குப் போயிட்டுது, ஒரு எழுத்து மாறி அச்சடிச்சா முடிஞ்சுது. என்ர சொல்லிலயும் ரெண்டு முள்ளு இருக்கு. எங்களுக்குத் தொடை (set) எண்டு படிப்பிக்கிற கணிதப் பாடம் அங்க கணம். பிறகு கவர்ச்சி எண்டா அங்க சினிமா ஞாபகம் வந்து சிரிப்பாங்களாம், இஞ்ச "கவர்ச்சி விசை" எண்டு எழுதிப் பழகின பிள்ளையளுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. சிரிக்கிறவங்க நாலு நாள் சிரிச்சிட்டு விடட்டும்.

ஒரு சொல்லு நல்லதோ எண்டு பாக்க நான் அதை ஒரு விடைத்தாள் வசனத்தில போட்டுப் பாப்பன். "பென்ரேனும் நியோபென்ரேனும் ஒரே சூத்திரம், ஆனா நீண்ட பென்ரேன் மூலக்கூறுகள் கூடிய பரப்பில தொடுறதால கணமுனைவுக் கவர்ச்சி கூட, கொதிநிலை 36 பாகை, உருண்டையான நியோபென்ரேனுக்கு 9.5 பாகைதான்." இடறாமல் போகுது. இன்னொண்டு, ஐதரசன் குளோரைட்டுக்கு முனைவு கூட எண்டாலும் அது −85 பாகையில கொதிக்குது, அயடைட்டு −35ல, ஏனெண்டா அயடீனின்ர பெரிய முகில் லேசாச் சரியும். "சிதறல்" எண்டு போட்டு இதே வசனத்தை வாசிச்சுப் பாருங்க, தலைகீழா விளங்கும்.

வகுப்பில இஞ்ச திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியளைக் காட்டித்தான் தொடங்குவன், 99 தாங்கி எண்டு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்குள்ள நிக்கிற ஐதரோகாபனுக்கு முனைவு எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, ஐதரசன் பிணைப்பும் இல்ல, பிறகு என்னத்தால திரவமா நிக்குது? மெதேன் −162ல கொதிக்குது, பியூற்றேன் கிட்டத்தட்ட பூச்சியத்தில, சங்கிலி நீள நீள பெற்றோல், டீசல், கடைசியில திண்மமா மெழுகு. எல்லாம் இந்த ஒரு விசையின்ர வேலை.

லண்டன்ர பேரை எறியச் சொல்லேல்ல, வந்தர்வாலிசு (van der Waals) விசை எண்ட பேர் மாதிரி அதுவும் பக்கத்தில இருக்கட்டும். இனி, நிலையான இருமுனைவு பக்கத்து மூலக்கூறைத் தூண்டுற விசைக்கும் தனிப் பேர் வேணுமெண்டு தம்பி கேட்டிருந்தார், அதுக்கு "தூண்டுமுனைவுக் கவர்ச்சி" எண்டு அதே அச்சில வாக்கலாம், ஆனா "தூண்டு"வா "தூண்டிய"வா எண்டதில எனக்கு இன்னும் முடிவில்ல, தமிழ் படிச்ச ஆக்கள் சொல்லுங்க.