அளவெடுத்துச் செய்த இருக்கை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தருபவர்; திரியைத் தொடங்கியவர்):

வசதி குறைந்த குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இருக்கை செய்து கொடுத்தவர்கள், செய்து வாங்கியவர்கள் எல்லோரும் இங்கே எழுதுங்கள். பெற்றோர், தச்சர், பிசியோ (பிசியோதெரபிஸ்ட்), ஆசிரியர் என யாராக இருந்தாலும் சரி. எது பலன் தந்தது, எது தரவில்லை, ஏன் என்று விவரமாக எழுதினால் அடுத்த குழந்தைக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

பல வீடுகளில் ஒரு சக்கர நாற்காலி ஏற்கெனவே இருக்கும். யாரோ நல்ல மனதோடு கொடுத்ததாக இருக்கும், ஆனால் பெரியவர்கள் அளவு. நடுவில் தொய்ந்த ரெக்சின் இருக்கையில் குழந்தையை வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் புதைந்துபோகும், முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முதுகு கூன் போடும். இரண்டு பக்கமும் தலையணையைச் செருகிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அப்படியே வழுக்கிக் கீழே வந்துவிடும். கடைசியில் நாற்காலி மூலைக்குப் போய்விடும், அதன்மேல் துணி காயும். குழந்தை திரும்பவும் அம்மா மடிக்கே வரும், இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பாயில் படுத்திருக்கும்.

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாத நிலை) உள்ள ஒரு சிறுமி. ஐந்து வயது இருக்கும். தலை நிற்காது என்று அம்மா சொன்னார். ஒரு கெட்டியான பெஞ்சில் உட்கார வைத்து, நான் பின்னால் அமர்ந்து இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைப் பிடித்தேன். இடுப்பு எலும்பு பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. அதை மெல்ல நிமிர்த்தினேன். முதுகு தானாக எழுந்தது. அதோடு தலையும் வந்தது! எதிரில் இருந்த அம்மாவை நேராகப் பார்த்தாள். ஆனால் இடப்பக்கம் சாய்ந்தாள், அதனால் ஒரு கையை எடுத்து விலாவில் கொடுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு அடியில் ஒரு பெட்டியை வைக்கச் சொன்னேன். பாதம் அழுந்தியதும் கையை நீட்டித் தம்ளரைத் தொட வந்தாள்.

என் கைகள் எங்கெங்கே இருந்தன, எவ்வளவு அழுத்தின என்பதைத்தான் முதலில் காகிதத்தில் குறித்தேன். அந்த இடங்களில் எல்லாம் தாங்கல் வேண்டும், மற்ற இடங்களில் தேவையில்லை. அளவு நாடா அதற்குப் பிறகுதான் வந்தது. இடுப்பின் அகலம், இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து குதிகால் வரை, இருக்கையிலிருந்து விலா, தோள், முழங்கை வரை உயரம். தொடை நீளத்தை இரண்டு காலிலும் எடுங்கள். ஒன்று குட்டையாகத் தெரிந்தால் அந்த அளவுக்குத்தான் இருக்கை. அதிலும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆழம் அதிகமான இருக்கையில் முழங்கால் பின்புறம் விளிம்பில் முட்டும், குழந்தை முன்னால் வழுக்கும், இடுப்பு மறுபடி சாய்ந்துவிடும். பிறகு விலைகூடிய ஃபோமைப் போட்டாலும் சரியாகாது.

ஒரு அம்மா:

எங்கள் வீட்டில் பையனுக்கு ஊட்டுவதுதான் பெரிய பயம். மடியில் படுக்க வைத்து, தலை பின்னால் சாய்ந்திருக்க ஊட்டுவேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஒவ்வொரு வாய்க்கும் இருமுவான், சில சமயம் கண் சொருகும். அடிக்கடி நெஞ்சுச் சளி. அந்த நிலையில் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்று பிசியோ அக்கா விளக்கியபோது நடுங்கிவிட்டேன்.

அவர்கள் செய்து தந்த இருக்கையில் முதுகு நிமிர்ந்து, தலை ஒரு துளி முன்னால் குனிந்து, முகவாய் லேசாக உள்ளே இருக்கும். நான் அவன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து ஊட்டுகிறேன். நின்றுகொண்டு ஊட்டினால் அண்ணாந்து பார்ப்பான், பழையபடி இருமுவான். இருமல் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நன்றாகக் குறைந்திருக்கிறது. சாப்பிட்டு முடிக்கும் நேரமும் குறைந்திருக்கிறது.

இருக்கை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களிடமும் கேளுங்கள். எங்களுக்கு வந்த முதல் மர நாற்காலி பார்க்க அரியணை மாதிரி இருந்தது. என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. சமைக்கிற இடத்துக்கும் வாசலுக்கும் அவனை மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும். வாசற்படி குறுகல். உறை கழற்ற வராது, அவனோ சிறுநீர் கழித்துவிடுவான். ஃபோம் ஊறி நாறியது. இப்போது இருப்பது லேசானது, உறையைக் கழற்றித் துவைக்கலாம், ஃபோமுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கிறது. முக்கியமாக, தரையோடு ஒட்டிய உயரம். தங்கை தரையில் உட்கார்ந்து விளையாடும்போது இவனும் அவள் மட்டத்திலேயே இருக்கிறான். உயரத்தில் இருந்தபோது அவள் இவனிடம் பொம்மை கொடுத்ததே இல்லை.

தச்சர்:

அக்கா, எடையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒவ்வொரு பட்டறையிலும் ஒட்டி வைக்க வேண்டும். மரமும் இரும்பும்தான் உறுதி என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம்.

நான் இப்போது நிறையச் செய்வது அட்டையில். பயிற்சிக்குப் போனபோது ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்ற ஆசிரியர் பழைய தாளையும் அட்டையையும் மாவுப் பசையால் ஒட்டி உறுதியான பொருட்கள் செய்யும் முறையை வளர்த்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். பல நாடுகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு அந்த முறையில் இருக்கை செய்கிறார்கள். நியூயார்க்கில் அடாப்டிவ் டிசைன் அசோசியேஷன் என்ற அமைப்பும் கெட்டியான அட்டையில்தான் குழந்தைகளுக்குச் செய்து தருகிறது. அதைத் தொடங்கிய அலெக்ஸ் ட்ரூஸ்டெல்லுக்கு 2015-இல் அமெரிக்காவின் பெருமைமிக்க மெக்கார்த்தர் நிதிநல்கை கிடைத்தது. அட்டை என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்வேன். ஏழை என்பதால் தள்ளிவிட்ட பொருள் என்று அவர்கள் நினைக்கக் கூடாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை. அட்டையை உடைத்துப் பார்த்தால் நெளிநெளியாக வரி ஓடும். ஒரு அடுக்கில் வரி நெட்டாக ஓடினால் அடுத்த அடுக்கில் குறுக்காக வர வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அந்த வரியிலேயே மடிந்துவிடும். பசையைத் தண்ணீராகப் பூசாதீர்கள், அட்டை ஊறிப் பலம் போய்விடும். ஒட்டிய அடுக்குகள் மேல் சமமான பாரம் வைத்துக் காயவிட வேண்டும். வெட்டிய விளிம்புகளைத் தாள் பட்டைகளால் மூடி ஒட்ட வேண்டும், விளிம்பு வழியாகத்தான் ஈரமும் பூச்சியும் நுழையும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு வார்னிஷ் அடித்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். குழந்தையை வைப்பதற்கு முன்னால் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். முனகல் சத்தம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மழைத் தண்ணீரில் நனையும் வீடு, தினமும் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டிய குழந்தை, பெரிய எடையுள்ள பிள்ளை இவர்களுக்கு அட்டை வேண்டாம். பிளைவுட்டுக்குப் போய்விடுங்கள்.

ஒரு அப்பா:

சார், ஒரு சந்தேகம். என் மகள் சந்தோஷம் வந்தாலும் சத்தம் கேட்டாலும் வில்லாக வளைவாள். பெல்ட்டை வயிற்றில் இறுக்கிக் கட்டினால் அழுகிறாள், தளர்த்தினால் வழுக்குகிறாள். ஒருமுறை நாற்காலியோடு பின்னால் சாயப் பார்த்தது. கால் நடுவில் ஒரு கட்டை வைத்தால் நிற்குமா?

பிசியோ:

கட்டை வைத்துத் தடுக்காதீர்கள் சார். கால் நடுவில் வைக்கும் கட்டை முழங்கால்களை விலக்கி வைக்கத்தான். வழுக்கி வரும் உடம்பை அது நிறுத்தினால் தொடை இடுக்கில் மோதி வலிக்கும். வலித்தால் இறுக்கம் கூடும், இன்னும் வளைவாள். முழங்கால் பக்கமாகத்தான் அதன் இடம்.

வழுக்குவதைத் தடுப்பது இருக்கையின் வடிவம். உட்காரும் எலும்புகள் இரண்டும் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பள்ளமாக விட்டு, அதற்கு முன்னால் தொடை தொடங்கும் இடத்தில் ஃபோமைச் சற்று உயர்த்த வேண்டும். உட்காரும் எலும்பு அந்த மேட்டில் தட்டி நின்றுவிடும். இடுப்பு நன்றாக மடங்கியிருந்தால் பல குழந்தைகளுக்கு வளையும் வேகமும் குறையும். பெல்ட் வயிற்றில் வரவே கூடாது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் படிய வேண்டும், இருக்கையோடு 45 பாகைக்குக் குறையாத சாய்வில் கீழ்நோக்கிப் பின்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் விரல் நுழைய வேண்டும். மார்பில் ஒரு பட்டை மட்டும் கட்டி இடுப்பைக் கட்டாமல் விடுவதைச் சில வீடுகளில் பார்க்கிறேன். அது ஆபத்து. குழந்தை வழுக்கினால் பட்டை கழுத்துக்கு ஏறும்.

சாய்மானம் வேண்டுமென்றால் முதுகுப் பலகையை மட்டும் பின்னால் தள்ளாதீர்கள், இடுப்பின் கோணம் விரிந்து மறுபடி வழுக்குவாள். இருக்கையும் முதுகும் சேர்ந்தே சில பாகை பின்னால் சாயட்டும். நாற்காலி கவிழாமல் இருக்க, பின்கால்கள் முதுகுப் பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். முதலில் பிசியோ ஒருவர் உங்கள் மகளை நேரில் பார்த்துவிடட்டும். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ, மடக்க முடியாத அளவு இறுகியிருந்தாலோ, 90 பாகையில் உட்கார வைப்பதே வேதனை. அந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு எவ்வளவு மடங்குமோ அந்தக் கோணத்தில்தான் இருக்கை செய்ய வேண்டும்.

சிறப்பு ஆசிரியர்:

வகுப்பறையில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். நல்ல இருக்கை வந்த சந்தோஷத்தில் காலையில் உட்கார வைத்தால் சாயங்காலம் வரை எடுக்கமாட்டார்கள். புதிதாக உட்காரும் குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். இறக்கியதும் உட்காரும் எலும்பு, வால் எலும்பு, முதுகின் மேடு, பெல்ட் பட்ட இடம் எல்லாவற்றையும் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதே எச்சரிக்கைதான். இருக்கையைச் சரிசெய்யும் வரை அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத கால் உள்ள குழந்தைகள் வலியைச் சொல்லவே மாட்டார்கள், புண் ஆழமான பிறகுதான் தெரியும்.

இருக்கைக்கு முன்னால் மேஜை போல வைக்கும் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பலகை முழங்கை உயரத்தில் இருந்தால் கை அதில் தங்கும், தோள் தளரும், குழந்தை பென்சிலைப் பிடிக்கப் பார்க்கும். அதைவிட உயர்ந்தால் தோள்கள் காதுக்கு ஏறிவிடும். விளிம்பில் சின்னதாகத் தடுப்பு வைத்தால் பொருட்கள் கீழே விழாது. எங்கள் வகுப்பில் பேச வராத ஒரு பையனுக்குப் பலகையிலேயே படங்களை ஒட்டினோம். தண்ணீர் வேண்டும், கழிவறை, போதும், இன்னும் வேண்டும். அவன் அதிகம் தொடுவது ‘போதும்’ என்ற படத்தைத்தான். இத்தனை வருடம் அதைச் சொல்ல அவனுக்கு வழியே இருந்ததில்லை என்று நினைக்கும்போது மனது கனக்கிறது.

களப்பணியாளர்:

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உதவிச் சாதனம் (சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி போன்றவை) தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் அதிகம் என்கிறது. வருமானம் குறைந்த சில நாடுகளில் அது கிடைப்பது 3 சதவீதம் பேருக்கு மட்டுமே. இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ‘எத்தனை நாற்காலி கொடுத்தீர்கள்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கொடுத்த பிறகு எத்தனை பேரைத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதலில் சேவைக்கு எட்டுப் படிகள் சொல்லியிருக்கிறார்கள். பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதி ஏற்பாடு, தயாரிப்பு, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, தொடர் கவனிப்பு. பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது மதிப்பீடும் தொடர் கவனிப்பும். அட்டையும் பசையும் எவ்வளவு மலிவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அளவெடுப்பவரின் நேரத்தையும் திரும்பிப் போகும் செலவையும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். குழந்தை வளர்கிறது. கால் நீளும், பாதம் பலகையில் இடித்து முழங்கால் மேலே எழும், பாரம் முழுக்க உட்காரும் எலும்பில் இறங்கும். யாரும் போய்ப் பார்க்காவிட்டால் போன வருடம் உதவிய இருக்கை இந்த வருடம் புண்ணை உண்டாக்கும்.

எங்கள் குழுவில் பெற்றோருக்கே இதைக் கற்றுக்கொடுக்கிறோம். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இடைவெளி, பாதம் முழுசாகப் படிகிறதா, தோலில் தடம், திருகாணி தளர்ந்திருக்கிறதா. இந்த நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் எங்களைக் கூப்பிட வேண்டும். அம்மாக்கள் எங்களைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள்.

தச்சர்:

வளர்வதற்கு இடம் விடுவதைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அட்டை இருக்கையிலும் அதைச் செய்யலாம். இருக்கையின் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டியே வெட்டி, முதுகுப் பக்கம் ஃபோம் வைத்த தனிப் பலகை ஒன்றைச் செருகிவிடுங்கள். குழந்தை வளர வளர அதை மெலிதாக மாற்றினால் ஆழம் கூடும். பாதப் பலகையை ஒட்டாதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளாகச் செய்து வெல்க்ரோவும் வாரும் போட்டுப் பிணையுங்கள். கால் நீண்டதும் மேல்தட்டை எடுத்துவிடலாம். பக்கத் தாங்கல்களுக்கு இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு வைத்தால் நகர்த்திக்கொள்ளலாம். அந்த வேலையை வீட்டில் இருப்பவர்கள் கண்ணெதிரில் செய்து காட்டுங்கள், ஸ்பேனரையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரு அப்பா:

பிசியோ மேடம், நன்றி. பெல்ட் இதுவரை வயிற்றில்தான் இருந்தது, இடுப்பு மடிப்புக்கு மாற்றிக் கட்டினேன். மகள் அழவில்லை. வழுக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இடுப்பு மூட்டைக் காட்ட அடுத்த வாரம் அழைத்துப் போகிறோம். தச்சர் அண்ணா, அவர்கள் பார்த்துச் சொன்னதும் அளவுகளை இங்கே எழுதுகிறேன். தொடை தொடங்கும் இடத்து ஃபோம் மேடு எவ்வளவு உயரம் வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.