பழைய மங்களூர் ஓடு 1,200 கிடைக்கிறது, வாங்கலாமா?

தெற்குச்சாய்ப்பு:
தென்காசிப் பக்கம் தோட்டத்து வீடு, சுவர் முடிந்துவிட்டது. இறவாரம் சேர்த்துக் கூரை 30 அடி நீளம், 20 அடி அகலம். நடுவில் முகடு, இருபக்கச் சாய்ப்பு. இரும்புச் சட்டகத்தின் மேல் ஓடு போட எண்ணம்.

இடிப்புச் சாமான் வியாபாரி ஒருவர் கேரளத்தில் பிரித்த ஓடு என்று 1,200 காட்டுகிறார். பாதி ஓட்டின் முதுகில் பாசல் மிஷன், 1865 என்று முத்திரை. "நூற்றைம்பது வருஷ ஓடு" என்று அதற்குத் தனி விலை சொல்கிறார். மீதியில் பல பெயர்கள். மொத்தத்தில் புது ஓட்டு விலையில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. ஏற்றுகூலியும் லாரி வாடகையும் தனி.

1,200 போதுமா? நல்லது கெட்டது எப்படிப் பிரிப்பது? பாசியை ஆசிட் போட்டுக் கழுவலாம் என்கிறார்கள், சரியா? வெல்டர் ரீப்பருக்கு (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்) 13 அங்குல இடைவெளி கேட்கிறார், கொடுத்துவிடலாமா?

கைமரம்:
வெல்டரை முதலில் நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மங்களூர் ஓட்டுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. ஐ.எஸ். 654 என்ற இந்தியத் தரமே 410×235, 420×250, 425×260 மி.மீ. என்று மூன்று அளவு சொல்கிறது. அந்தக் காலத்து ஆலைகள் ஒவ்வொன்றும் தன் அச்சில் அடித்தன. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் உட்காரும் வரம்பு மட்டும் 3, 4 மி.மீ. மாறும். இரண்டு கம்பெனி ஓட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதின் மேல் ஏறி நிற்கும், இல்லாவிட்டால் இடுக்கு விடும். உங்கள் ஊர்ச் சாரலுக்கு அந்த இடுக்கு போதும். பழைய ஓட்டுக் கூரை ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஓட்டில் குறை இருக்காது, கலப்பில்தான் இருக்கும்.

கணக்குக்கு வருவோம். 30 டிகிரி சாய்வு வையுங்கள். அதற்குக் குறைந்தால் காற்று மழைநீரை மேல்நோக்கித் தள்ளும். பாதி அகலம் 10 அடி என்பதால் முகடு 5 அடி 9 அங்குலம் உயரும், சாய்வு நீளம் சுமார் 11 அடி 7 அங்குலம், அதாவது 352 செ.மீ. ஒரு ஓடு மேலேற்றத்தில் சுமார் 32 செ.மீ., அகலத்தில் சுமார் 20 செ.மீ. மூடும். ஆக ஒரு சாய்ப்பில் 11 வரிசை, வரிசைக்கு 46 ஓடு, மொத்தம் 506. இரண்டு சாய்ப்புக்கு 1,012. வேயும்போது உடைவதற்கும், பின்னால் மாற்றுவதற்கு எடுத்து வைப்பதற்கும் சேர்த்துத் தேறிய ஓடு 1,100 கையில் வேண்டும்.

பழைய லாட்டில் 10 முதல் 15 சதவீதம் கழிவு சாதாரணம். உங்கள் 1,200 கழிவு போக 1,020 முதல் 1,080 வரை நிற்கும். போதாது. ஆனால் பாதி, அதாவது 600, ஒரே முத்திரை என்றால் அது ஒரு சாய்ப்புக்கு அளவாக வரும். மற்ற சாய்ப்புக்கு வேறு ஒரே பெயரில் 600 தேடச் சொல்லுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி என்று போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை, இரண்டும் எங்கேயும் கோக்க வேண்டியதில்லையே. பல பெயர் கலந்த அந்த மீதியை அப்படியே வாங்காதீர்கள்.

1865 பற்றி ஒரு வார்த்தை. அது அந்த ஓடு சுட்ட வருஷம் இல்லை, மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம். பிறகு பல பத்தாண்டு சுட்ட ஓட்டிலும் அதே எண்தான். ஆல்புகர்க் கம்பெனி ஓட்டில் 1868 என்று இருப்பதும் இதே கதை. முதல் உலகப் போருக்குப் பிறகு மிஷனின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போய், முத்திரையும் மாறியது. எனவே பாசல் மிஷன் பெயர் இருந்தால் நூறு வருஷத்தை ஒட்டியது என்று நம்பலாம், நூற்றைம்பது என்பது வியாபாரப் பேச்சு. முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒரே அச்சு என்பதற்காகக் கொஞ்சம் கொடுக்கலாம்.

பழையசாமான்:
மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. தரம் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஓட்டையும் ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் எடுத்து வையுங்கள். மொத்தென்றால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கும், அல்லது வேக்காடு போதாது. ஈர ஓடு எப்போதும் மந்தமாகத்தான் ஒலிக்கும். மழை விட்ட மறுநாள் போய்த் தட்டினால் நல்ல ஓட்டையும் கழித்துவிடுவீர்கள். காய்ந்த பிறகு போங்கள்.

அடுத்தது பின்பக்கக் கொக்கி. ரீப்பரில் மாட்டும் அந்த இரண்டு முட்டும் முழுசாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் கூரைக்கு ஆகாது. ஓரப் பள்ளங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், உடைந்த விளிம்பு கையில் தட்டும். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து பொடி கொட்டினால் அது உப்பு தின்ற ஓடு. கடற்கரை ஊர்களில் பிரித்த லாட்டில் இது அதிகம். கழுவினால் அழகாகத் தெரியும், இரண்டு மழையில் மறுபடி உரியும்.

பிறகு மாதிரிக்கு முத்திரை ஒன்றுக்கு 6 ஓடு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் மூழ்க வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 2.5 கிலோ ஓடு 2.9 ஆனால் 16 சதவீதம் குடித்திருக்கிறது, நல்லது. 3 கிலோவைத் தாண்டினால் 20 சதவீதத்துக்கு மேல், வேண்டாம். கூரை மழையில் கனக்கும், பாசியும் விடாது. இன்னொன்று: ஓட்டின் மேல்பக்கப் பள்ளத்தை இரு முனையிலும் களிமண்ணால் அணைகட்டி நீர் ஊற்றி 6 மணி நேரம் விடுங்கள். அடியில் ஈரம் படரலாம், சொட்டு விழக் கூடாது.

பலத்துக்கு, ரீப்பர் இடைவெளியில் இரண்டு கட்டை வைத்து ஓட்டை மேலே கிடத்தி 60 கிலோ ஆள் நடுவில் மெதுவாக ஏறி நிற்கலாம். தாங்க வேண்டும். உடைந்தால் யார் கணக்கு என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

விலை பேசும்போது "ஆயிரம் ஓடு இவ்வளவு" என்று முடிக்காதீர்கள். "எங்கள் இடத்தில் இறக்கித் தட்டிப் பார்த்துத் தேறிய ஆயிரம்" என்று முடியுங்கள். வழி உடைசல் அவர் தலையில் விழும், அடுக்குவதும் ஒழுங்காக நடக்கும். 1,100 ஓடு 2.75 டன். குட்டி யானையில் நடைக்கு 300க்கு மேல் ஏற்ற வேண்டாம். ஓட்டைப் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக, வண்டி போகும் திசைக்கு நெருக்கி நிறுத்தி, அடியிலும் வரிசைக்கு நடுவிலும் வைக்கோல் கொடுக்க வேண்டும். படுக்க அடுக்கினால் அடி வரிசை மொத்தமும் போகும்.

முகட்டின் மேல் கவிழ்க்கும் முகட்டு ஓட்டைப் பழையதில் தேடாதீர்கள். சிமெண்டில் பதித்தது பிரிக்கும்போதே உடையும். 30 அடிக்குச் சுமார் 28 வேண்டும், புதிதாக வாங்குவது லாபம்.

செம்மண்வீடு:
ஆசிட் வேண்டவே வேண்டாம். கழுவிய அன்று சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும்; ஆசிட்டு ஓட்டின் துளைகளுக்குள் போய் உப்பாக மாறி, காய்ந்ததும் வெள்ளை பூத்து மேல்தோலைத் தள்ளும். பிரஷர் வாஷரும் அப்படித்தான், சூளையில் இறுகிய மேல்தோலை அடித்துக்கொண்டு போய்விடும். தோல் போன இடத்தில் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

தொட்டியில் ஒரு நாள் ஊறவைத்து, பாசி இளகியதும் தேங்காய் நார் அல்லது நைலான் பிரஷால் தேய்த்தால் முக்கால்வாசி போய்விடும். அடம்பிடிப்பதற்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவி அரை மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள். கம்பி பிரஷ் கூடாது. பக்கப் பள்ளங்களில் காய்ந்த மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுங்கள். நீர் ஓடும் வழி அதுதான், அழுக்கு நின்றால் நீர் பக்கவாட்டில் ஏறி உள்ளே இறங்கும். எல்லோரும் மேல்முகத்தைத்தான் மினுக்குகிறார்கள், பள்ளத்தை விட்டுவிடுகிறார்கள்.

அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்திருந்தால் அப்படியே விடலாம். மேல்பக்கம் எனாமல் பெயிண்ட் அல்லது தார் பூசிய ஓட்டை மட்டும் வாங்காதீர்கள். பூச்சுக்கு அடியில் என்ன விரிசல் இருக்கிறதென்று தெரியாது.

தெற்குச்சாய்ப்பு:
எல்லோருக்கும் நன்றி. வெல்டரை நிறுத்திவிட்டேன். ரீப்பருக்கு ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அதையே போடலாமா? அடியில் தார்ப்பாய் விரித்துவிட்டால் ஒழுகலுக்குக் கவலை இல்லை என்கிறார் ஒருவர்.

கைமரம்:
குழாயை வீணாக்க வேண்டாம், ரீப்பருக்குக் கீழே கைமரமாக (முகட்டிலிருந்து இறவாரத்துக்கு இறங்கும் சட்டம்) ஓடும் இடத்தில் தோதுப்படுமா என்று கேளுங்கள். தாங்கு தூரத்தைப் பொறியாளர் பார்க்கட்டும். ரீப்பருக்கு 25 மி.மீ. எல் ஆங்கிள் நல்லது. கொக்கி அதன் கூரான விளிம்பில் பிடிக்கும். குழாயின் மூலை உருண்டையானது, நூறு வருஷம் தேய்ந்த கொக்கி அதில் வழுக்கும்.

இடைவெளியைக் காகிதத்தில் தீர்மானிக்க முடியாது. ஓடு வந்திறங்கிய பிறகு தரையில் 12 ஓட்டைக் கவிழ்த்து ஒரே நேர்கோட்டில் கோத்து வையுங்கள். எல்லாவற்றையும் இறுக்கித் தள்ளி, முதல் ஓட்டுக் கொக்கியிலிருந்து 11ஆம் ஓட்டுக் கொக்கி வரை அளந்து பாருங்கள். பிறகு கோர்வை விடாமல் முடிந்தவரை இழுத்து அதே தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டையும் கூட்டி 20ஆல் வகுத்தால் ரீப்பர் இடைவெளி. உதாரணமாக 316 செ.மீ., 324 செ.மீ. வந்தால் 32 செ.மீ. வெல்டர் சொன்ன 13 அங்குலம் 33 செ.மீ. ஆகிறது. ஒரு வரிசைக்கு 1 செ.மீ. மிகுந்தாலே மேல் ஓட்டின் கொக்கி ரீப்பரை எட்டாது, அல்லது கோர்வை விட்டுப்போகும். இரண்டு சாய்ப்புக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், முத்திரை வேறு என்பதால் எண்ணும் வேறாக வரும். மிச்சம் வரும் தூரத்தை முகட்டுப் பக்கம் சரிக்கட்டுங்கள். முகட்டு ஓடு இரு பக்கமும் 3 அங்குலமாவது மூட வேண்டும்.

இறவாரத்தில் பலரும் தவறுவது ஒன்று உண்டு. மற்ற வரிசையெல்லாம் கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காரும். கடைசி வரிசைக்குக் கீழே ஓடு இல்லை, அதனால் மூக்கு தொங்கும், கோர்வை வாய் திறக்கும். அங்கே ரீப்பரையோ முகப்புப் பலகையையோ ஓட்டுக் கனம் அளவுக்கு உயர்த்திப் போடுங்கள். பலகையைத் தாண்டி 2 அங்குலம் ஓடு நீட்டியிருக்கட்டும்.

தார்ப்பாயை ரீப்பருக்கு மேல் நேரடியாக விரித்தால் ஓட்டுக்கு அடியில் காற்று ஓடாது. வேர்க்கும், ஓடு காயாது, ஆங்கிளும் துருப்பிடிக்கும். வெக்கை குறையவேண்டும் என்றால் அதைவிடச் சீலிங் ஓடு (கூரை ஓட்டுக்கு அடியில் போடும் தட்டை ஓடு) மேல். மேல் ஓட்டுக்கும் சீலிங் ஓட்டுக்கும் நடுவில் காற்றிடம் கிடைக்கும். ஆனால் அதற்குத் தனி ரீப்பர் வரிசை, தனி இடைவெளி, கனமும் கூடும். சட்டகம் செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஆனி, ஆடிக் காற்றுக்கு: முக்கோணச் சுவர் ஓரம் இரண்டு வரி, இறவாரம், முகட்டை ஒட்டிய வரிசை, இவற்றில் ஓடு ஒவ்வொன்றையும் கொக்கித் துளையில் ஜி.ஐ. கம்பி கோத்து ரீப்பரோடு கட்டுங்கள். குரங்கு வரும் தோட்டமானால் மொத்தக் கூரையையும் கட்டுங்கள். காற்றாவது வருஷத்துக்கு மூன்று மாதம்தான்.

முகட்டுக்கு வெறும் சிமெண்டுக் கலவை வேண்டாம். சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6 போதும். விறைத்து வெடிக்காது, பின்னால் யாராவது பிரித்தாலும் ஓடு முழுசாக வரும்.

பழையசாமான்:
கழிந்த ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். கொக்கி மட்டும் போய், தட்டினால் கணீரென்று வருவதைத் தனியாக அடுக்கி வையுங்கள். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்ததுபோலக் கான்கிரீட் தளத்தில் கம்பிகளுக்கு நடுவே நிரப்பிப் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கான்கிரீட் போடும் முன் ஓட்டை ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். உடைந்ததை இடித்துச் சலித்தால் சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கும் சுர்க்கித் தூள் கிடைக்கும்.

மிச்சத்தை விற்பதானால் முத்திரை வாரியாகப் பிரித்து, முதுகுப் பக்கம் தெரியும் படம், எண்ணிக்கை, நீள அகலம், பிரித்த ஊர் நான்கையும் போடுங்கள். 30 ஓட்டுக்கும் ஆள் வரும். பழைய கூரையில் பத்து ஓடு உடைந்து, அதே அச்சு கிடைக்காமல் அலைகிறவர்கள் நிறைய. ஆனால் உங்கள் கூரைக்கு முத்திரை ஒன்றுக்கு 30 எடுத்து வைத்த பிறகுதான் விற்க வேண்டும்.

தெற்குச்சாய்ப்பு:
வியாபாரியிடம் பேசினேன். 1865 லாட்டில் தேறியது 550 வரை எடுத்துக்கொள்கிறேன், பல பெயர் ஓடு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. செங்கோட்டையில் காமன்வெல்த் முத்திரை 700 ஒரே வீட்டில் பிரித்தது இருக்கிறதாம். காய்ந்த நாளாகப் பார்த்து, தராசும் வாளியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.