மொத தடவ கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறனுங்க, லிஸ்ட்ட ஒருக்கா பாத்துச் சொல்லுங்ணா

தறிக்கார வீட்டுப் பையன்
எல்லாருக்கும் வணக்கமுங்க, சோமனூர் பக்கமுங்க நம்மூரு. ப்ளஸ் டூ முடிச்சுட்டு கோயமுத்தூர்ல காலேஜ் சேரப் போறன், அப்பா லேப்டாப் போதும்னாரு, நாந்தான் மல்லுக்கட்டி டெஸ்க்டாப்புக்கு ஒத்துக்க வெச்சிருக்கறன். அம்முச்சி சிலுவாட்டுல இருந்து குடுத்ததையும் சேத்து 80,000 இருக்குதுங்க, மானிட்டரும் அதுக்குள்ளயே வந்தரோணும். காந்திபுரத்துல ஒரு கடைல போட்டுக் குடுத்த லிஸ்ட்டு இதுதான்: ரைசன் 5 5600 சிபியூ, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக்கு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க்கு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அப்புறம் கேபினட் கூடவே வர்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ஆடப்போறது வேலரன்ட், ஜிடிஏ 5, ப்ரெண்ட்ஸ் கூட கொஞ்சம் மத்ததும். ஊட்ல இப்ப ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குதுங்க, அதத்தொட்டா சுருக்குன்னு ஒரு ஷாக் அடிக்கும், மத்தபடி நல்லாத்தான் ஓடுது. நானே மாட்டலாம்னு இருக்கறன், கடைல மாட்டறதுக்குத் தனியா காசு கேக்கறாங்க. லிஸ்ட்டுல எதாச்சும் மாத்தோணுமாங்ணா?

ஈரோட்டு மாப்ள
சிபியூ, கார்டு ரெண்டும் 1080பிக்கு சரியான சோடி தம்பி, அதுல கை வெக்காத. மாத்த வேண்டியது மூணு. ரேம் ஒத்த ஸ்டிக்கா வேண்டாம், 8 + 8 ரெண்டா 3200 வாங்கு, ஒத்த ஸ்டிக்குல பாதி ரோட்ட அடச்சு வெச்ச மாதிரிதான், அதும் வேலரன்ட் மாதிரி சிபியூவ நம்பி ஓடற கேம்ல எப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன படம் வருதுங்கறது) தொங்கறது கண்ணுக்கே தெரியும். போர்டு பி550 போடு. பி450 ஒண்ணும் மோசமில்ல, ஆனா கடைல பழைய ஸ்டாக்க எடுத்துக் குடுத்தாங்கன்னா பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற, பிசிய மொதல்ல எழுப்பற சாப்ட்வேர்) பழசா இருக்கும், 5600 வந்ததே 2022ல, அந்த பயாஸுக்கு இந்தச் சிபியூவ அடையாளமே தெரியாது, மாட்டி முடிச்சுட்டு கருப்பு ஸ்கிரீனப் பாத்து உக்காந்திருப்ப. பி450தான் கெடைக்குதுன்னா கடைக்காரர்கிட்டயே பயாஸ் அப்டேட் பண்ணி டிஸ்ப்ளே வர்றதக் காட்டச் சொல்லி வாங்கிக்க. இன்னொண்ணும் இருக்குது, 4060 போர்டோட பிசிஐங்கற ரோட்டுல எட்டு லேன்லதான் பேசும், பி450ல அந்த ரோடு பழைய 3.0, பி550ல வேகமான 4.0. பெரிய வித்தியாசமெல்லாம் வராது, இருந்தாலும் வாங்கறத நல்லதா வாங்கிக்கலாமல்ல. மூணாவது அந்த ஓசி எஸ்எம்பிஎஸ். அத கேபினட்டோட அங்கயே வெச்சுட்டு வந்துரு. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சர்டிபிகேட் இருக்கற 550 வாட் ஒண்ணு தனியா எடு, 4060 இழுக்கறதே 115 வாட்தான், தாராளமா போதும். காசு முட்டுச்சுன்னா கேபினட்ல இருக்கற கலர் லைட்டுல கொற.

பல்லடத்து வயர்மேன்
கண்ணு, எல்லாரும் பார்ட்ஸ் நாயமே பேசறாங்க, நீ போறபோக்குல ஒண்ணு சொன்ன பாரு, தொட்டா சுருக்குன்னு அடிக்குதுன்னு, அதுதான் மொதல்ல பாக்கோணும். உங்கூட்ல எர்த் வேல செய்யல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள பேஸ்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், எர்த் ஒழுங்கா இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குள்ள போயிரும், எர்த் இல்லீன்னா பாடி முழுக்க நூறு நூத்திப்பதினஞ்சு வோல்ட்டு மெதந்துட்டே கெடக்கும். கரண்டு கம்மிங்கறதால ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, சுருக்குன்னு மட்டும் இருக்கும், ஆனா அப்புடியே எச்டிஎம்ஐ கேபிள டிவில கொண்டு போய்ச் சொருகுனா போர்ட்டு போயிரும், பாத்திருக்கறன்.

மல்டிமீட்டர்ல பாக்காத, எர்த் அந்து கெடந்தாலும் மீட்டர் சும்மாவே எதாச்சும் ஒரு வோல்ட்டு காட்டும். நூறு வாட் குண்டு பல்பு ஹோல்டர் ஒண்ணு எடுத்து பேஸுக்கும் எர்த்துக்கும் குடுக்கச் சொல்லு, ஆனா இது தெரிஞ்ச ஆளு செய்யற சோலி, நீ கை வெக்காத. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குடுக்கறப்ப எப்புடி எரியுதோ அப்புடியே எரிஞ்சா எர்த் நல்லாருக்குது, மங்கலா எரிஞ்சாலோ எரியாமயே போனாலோ எர்த் குழியப் பாரு. ஊட்டு சுவிட்ச் போர்டுல கசிவு டிரிப்பர் (ஆர்சிசிபி) இருந்தா விழும், விழுந்தா எர்த் எப்புடியோ வந்திருக்குதுன்னு மட்டுந்தான் அர்த்தம், நல்லாருக்குதுன்னு இல்ல. நம்ம பக்கம் வெய்யக்காலத்துல குழி காஞ்சு போயிரும், உப்பும் கரியும் போட்டு மூடி வெச்சு ஒருத்தரும் தண்ணியே ஊத்தறதில்ல, ரெண்டு கொடம் ஊத்துனாலே பாதிப் பேருக்கு சரியாயிரும். ஒண்ணு மட்டும் கேட்டுக்க, சில பேரு ப்ளக் பாயிண்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேத்து உட்டுட்டு எர்த் குடுத்தாச்சும்பாங்க. அப்புடி ஆரு பண்ணாலும் உடாத. வெளிய நியூட்ரல் அந்துச்சுன்னா கேபினட்டுல முழுசா 230 வந்து நிக்கும், அது சுருக்குன்னு அடிக்காது, ஆளையே அடிச்சுப் போட்டுரும்.

தறிக்கார வீட்டுப் பையன்
ஐயோ அண்ணா, ப்ரிட்ஜும் அப்புடித்தானுங்க அடிக்குது, செருப்புப் போட்டுட்டுத் தொட்டா ஒண்ணுமில்லன்னு அம்மா சொல்லிட்டாங்க, நாங்களும் அப்புடியே பழகிட்டோம். அப்பாகிட்ட இதப் படிச்சுக் காட்டுனன், தறிக்கு எர்த் எடுத்தப்ப ஊட்டுக்கு எடுக்கவே இல்லைனு இப்பத்தான் சொல்றாரு. வர்ற ஞாயித்துக்கிழம ஆள் வரச் சொல்லியிருக்குதுங்க.

ஸ்டெபிலைசர் வாங்கோணுமாங்ணா? தறி எல்லாம் ஒண்ணா ஓடறப்ப லைட்டு மங்கும்.

பொள்ளாச்சி இளநி
ஸ்டெபிலைசர் தண்டம் தம்பி. நல்ல எஸ்எம்பிஎஸ் பலதும் 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தானே சமாளிச்சுக்கும், சிலது 200ல இருந்துதான், பெட்டில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல பாத்து வாங்கு. வோல்டேஜ் கொறையறது உனக்குப் பிரச்சன இல்ல, கரண்டு போயிப் போயி வர்றதுதான் பிரச்சன, அதுக்கு யூபிஎஸ் வேணும். ஆபீஸ்ல வெச்சிருக்கற 600 விஏ எடுத்தராத, அது 360 வாட்தான் தாங்கும், உன் செட்டு கேம் ஓடறப்ப மானிட்டரோட 280, 300 வரைக்கும் போகும், ஒரு வருசத்துல பேட்டரி எளச்சுதுன்னா கரண்டு போன வெசைக்கு அதும் சேந்து படுத்துக்கும். 1000 விஏக்கு மேல போ. ஊட்ல சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தா பின்னாடி இருக்கற சுவிட்ச யூபிஎஸ் மோடுல போட்டுப் பாரு, பல ஊட்ல அதுவே போதும்.

நானா இருந்தா ஏஎம்5ங்கற புது சாக்கெட்டுக்கு (போர்டுல சிபியூ உக்கார்ற எடம்) போயிருவன். 5600 இருக்கற ஏஎம்4 சாக்கெட்டு 2016ல வந்தது, அதுக்கு மேல ஏத்த பெருசா வழியில்ல, ஏஎம்5ல ரைசன் 5 7600 போட்டா நாளைக்கு சிபியூ மட்டும் மாத்திக்கலாம், டிஸ்ப்ளே வேற அதுலயே வரும், கார்டு மக்கர் பண்ணாலும் பிசி நிக்காது.

ஈரோட்டு மாப்ள
ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம்தான் சேரும், அது விக்கற வெலைக்கு ஏஎம்5ன்னு அவன ஏத்தி உட்றீங்களே, 80,000ல மானிட்டர எடுத்தரச் சொல்றீங்களா? காலேஜ் முடியற வரைக்கும் 5600 தாங்கும். அதும் ஏஎம்5 மொத தடவ ஆன் பண்றப்ப ரேம் ட்ரெயினிங்னு அஞ்சு பத்து நிமிசம் கருப்பாவே நிக்கும், புதுப் பையன் பயந்துட்டு பவர புடுங்கி உட்டுருவான்.

பொள்ளாச்சி இளநி
சரீங்க, உங்கூரு கணக்கு உங்களுக்கு. யூபிஎஸ்ஸுக்கும் அதுல காசு ஒதுக்கிட்டுப் பேசுங்க.

கருமத்தம்பட்டி அக்கா
தறி ஷெட்டு ஊட்ட ஒட்டியே இருக்குதா தம்பி? எங்கூட்லயும் அப்புடித்தான், அதனால சொல்றன், முன்னாடி கண்ணாடி போட்ட கேபினட் வாங்காத, காத்தே போகாது. மெஷ் வெச்சு, கழட்டிக் கழுவற மாதிரி பில்டர் இருக்கறதா பாரு. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்கட்டும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளட்டும், உள்ள வர்ற காத்து சாஸ்தியா இருந்தா சந்து பொந்துல பஞ்சு ஏறாது, பில்டர்லயே நின்னுக்கும். சாதா தூசி ஊதுனாப் போயிரும், பஞ்சு அப்புடியில்ல, எண்ணப்பசையோட சேந்து ஹீட்சிங்க் தகடுக்கு நடுவுல கம்பளி மாதிரி பிடிச்சுக்கும், மேல இருந்து பாத்தா ஃபேன் சுத்திட்டுத்தான் இருக்கும், கீழ காத்தே எறங்காது. அத ஷெட்டுல இருக்கற கம்ப்ரசர்ல அடிக்கறேன்னு போயராத, தண்ணி கலந்து வரும். கை ப்ளோயரும் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் போதும், ஊதறப்ப ஃபேன் இறக்கைய ஒரு வெரல்ல அமுக்கிப் பிடிச்சுக்கோ. ஆடிக்காத்து அடிக்கற மாசத்துல பில்டர வாராவாரம் கழுவு, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து மண்ணையும் பஞ்சையும் ஒண்ணாக் கொண்டாந்து கொட்டும்.

எதுக்கும் மேச மேலயே வெய்யி, தரைல வேண்டாம்.

தறிக்கார வீட்டுப் பையன்
ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா எல்லாருக்கும். பி550, 8 + 8, 550 வாட் ப்ரான்ஸ், மெஷ் கேபினட்னு மாத்திட்டன், கார்டு அப்புடியே. யூபிஎஸ் அப்பா பாத்துக்கறன்னாரு. மாட்டறப்ப எதுல கவனமா இருக்கோணும்? அப்புறம் விண்டோஸ் 11ல வேலரன்ட் தொறக்கவே மாட்டீங்குதுன்னு ப்ரெண்டு சொல்றான், நெசமாங்ணா?

ஈரோட்டு மாப்ள
நெசந்தான். விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்டுங்கற ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இல்லீன்னா வேலரன்ட்டோட ஆன்டி சீட்டு (கள்ளாட்டம் ஆடறவங்களப் பிடிக்கற சாப்ட்வேர்) உள்ளயே உடாது. பயாஸ்ல எப்டிபிஎம் (டிபிஎம்தான் அந்தப் பேர்ல இருக்கும்) ஆன் பண்ணு, சிஎஸ்எம் (பழைய மொறைல பூட் ஆகறது) ஆப் பண்ணு, அப்புறந்தான் செக்யூர் பூட்டு. விண்டோஸ் போடறதுக்கு முந்தியே இதப் பண்ணிட்டா டிஸ்க்கு அதுக்குத் தேவையான ஜிபிடிங்கற மொறைல வந்துரும், பின்னாடி மாத்தற ரோதன இல்ல. பயாஸுக்குள்ள போனதே போன, ரேம முழு வேகத்துல ஓட வெக்கற எக்ஸ்எம்பியையும் ஆன் பண்ணிட்டு வந்துரு, போர்டுல அது டிஓசிபின்னும் இருக்கலாம், இல்லீன்னா 3200 ரேம் 2133லயோ 2666லயோதான் ஓடும்.

மாட்டறதுக்கு ஒரு நல்ல ஸ்டார் திருப்புளி போதும். சிபியூ மூலைல தங்கக் கலர்ல சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டுல இருக்கறதோட அது சேரோணும், சேந்தா தானா உக்காரும், அமுக்கவே கூடாது. 5600க்கு அடில ஊசியா இருக்கும், ஒண்ணு வளஞ்சாலும் சோலி முடிஞ்சது. கூட வர்ற கூலர்ல பேஸ்ட் தடவியே வரும், மேல நீ ஒண்ணு பூசாத. போர்டுல நாலு ஸ்லாட்டு இருந்தா ரேம் சிபியூ பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு. போர்ட உள்ள எறக்கறதுக்கு முந்தி யூஎஸ்பி போர்ட்டெல்லாம் வெளிய தெரியற பின்பக்கத் தகடு தனியா வந்திருந்தா கேபினட்ல சொருகிட்டு எறக்கு. சிபியூக்குப் போற எட்டு முள்ளும் கார்டுக்குப் போற எட்டு முள்ளும் பாக்க ஒண்ணாட்டவே இருக்கும், சிபியூது நாலு நாலாப் பிரியும், கார்டுது ஆறும் ரெண்டுமாப் பிரியும், மாத்திச் சொருகப் பாக்காத.

மானிட்டர் கேபிள கார்டுல சொருகு, போர்டுல சொருகுனா 5600க்கு படமே வராது. விண்டோஸ் வந்ததும் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 144 செலக்ட் பண்ணு, அது தானா 60லதான் நிக்கும். இதெல்லாம் ஞாயித்துக்கிழம அந்த எர்த் ஆளு வந்துட்டுப் போன பொறவு.