குறுக்குத்துறை மண்டபத்துக் காலை வெயில் தாளில் வரமாட்டேன் என்கிறது

அம்பாசமுத்திரத்துக்காரன்:
இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலை பஸ் பிடித்து திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போய் வாட்டர்கலரில் வரைகிறேன். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோவில், கரையில் கல்மண்டபம், ஏழு மணிக்கு அதன் தூண்களில் விழும் வெயில். எனக்கு அந்த வெயில்தான் வேண்டும். தாளில் எல்லாம் சாம்பலாகிவிடுகிறது. தூணுக்குத் தண்ணீராகக் கரைத்த மஞ்சளில் ஒரு வாஷ் கொடுத்து, மேலே போஸ்டர் வெள்ளை வைத்தேன். சுண்ணாம்பு அப்பியது போல் ஆனது. தாமிரபரணியின் மினுமினுப்புக்கும் அதே வெள்ளை, அதே கதி. நிழலுக்குக் கருப்பும் நீலமும் கலக்கிறேன். பேப்பர் சாதாரண டிராயிங் நோட்டு. எங்கே தவறுகிறேன்?

பாளையங்கோட்டை டிராயிங் மாஸ்டர்:
தம்பி, வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது பேப்பர்தான். நிறம் கண்ணாடி மாதிரி. ஒளி அதைத் தாண்டிப் போய் அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. போஸ்டர் வெள்ளை அந்த வழியை அடைத்துவிடும். வெயில் விழும் பக்கத்தைத் தொடாமல் விட்டு, அதை ஒட்டி மண்டபத்தின் உள்இருட்டை வையுங்கள். காய்ந்தால் நிறம் வெளுக்கும். அதனால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கும் அளவுக்கு இருட்டு வேண்டும்.

நிழலுக்குக் கருப்பை விட்டுவிடுங்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் போதும். அப்புறம், மண்டபத்துக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெயில் விழுந்த கல்தளம் வெளிச்சத்தை உள்ளே அள்ளி வீசும். தூணின் நிழல் பக்கம் கீழே செம்மஞ்சளாக இருக்கும், வானத்தைப் பார்த்த இடங்களில் நீலமாக மாறும். உத்தரத்தின் அடிப்பக்கம்கூடச் சூடான நிறம்தான். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நிழல் என்றால் சாம்பல் என்று சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்று அந்தப் படியில் தினமும் உட்கார்ந்த பிறகுதான் இதைக் கண்டேன். அந்தச் செம்மஞ்சள் இல்லாவிட்டால் வெளியே எவ்வளவு வெள்ளை விட்டாலும் வெயில் தெரியாது.

கடையத்துக்காரி:
அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நோட்டுப் பேப்பரில் அது நடக்காது தம்பி. 300 ஜி.எஸ்.எம். கனத்தில் காட்டன் பேப்பர், அதிலும் மேடுபள்ளமான ரஃப் வாங்குங்கள். விலை கூடுதல்தான், நான் ஒரு முழுத்தாளை எட்டாகக் கிழித்துக்கொள்வேன்.

ஆற்று மினுமினுப்புக்கு, நிறம் எடுத்த பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, படுக்கவைத்து, வேகமாக ஒரே இழுப்பு. மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். அதே இடத்தில் இரண்டாம் முறை ஓட்டினால் போச்சு. வெள்ளை விட வேண்டிய இடத்தில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் எனக்குப் பிடிக்காது, விளிம்பு வெட்டிவைத்தது போல் நிற்கும். தவறிப்போன ஒரு பொட்டு வெளிச்சத்தை, நன்றாகக் காய்ந்தபின் பிளேடு நுனியால் சுரண்டி எடுக்கலாம். இங்கிலாந்து ஓவியர் டர்னரும் சுரண்டி எடுத்தவர்தான்.

சித்திரை வெயிலில் வாஷ் பாதியிலேயே காய்ந்து விளிம்பு கட்டும். பேப்பரின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் படியவிடுங்கள். குற்றாலத்தில் சாரல் நேரத்தில் நேர்மாறு, காயவே காயாது.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
அண்ணாச்சி, அக்கா, இன்று போய் வந்தேன். உத்தரத்தின் அடியில் அந்தச் செம்மஞ்சள் இருக்கிறது! இத்தனை நாள் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். தூண் வெள்ளையாக நின்றுவிட்டது, இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் நிழல் அரைமணியில் ஒரு படி நகர்ந்துவிட்டது. அதைத் துரத்தித் திருத்தப் போய்ப் படிக்கட்டு கெட்டது.

பாளையங்கோட்டை டிராயிங் மாஸ்டர்:
போய் உட்கார்ந்ததும் நிழலின் ஓரத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள் தம்பி. அப்புறம் வெயில் எங்கே போனாலும் உங்கள் கோட்டின்படியே போடுங்கள். அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், படிக்கட்டைச் சேர்ந்து பார்ப்போம்.